குழந்தைகள் மருத்துவமனையில் மருந்தாளுநர் ரெசிடென்சி: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் பி.ஃபார்ம், ஆறு வருட ஃபார்ம்.டி படிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால்.

ரெசிடென்சின்னா என்ன சார்? மெடிக்கல் ஷாப்புல டிரெய்னிங் எடுக்கிற மாதிரியா?

இல்லை. பட்டம் வாங்கிய மருந்தாளுநர் ஒரு மருத்துவமனையில் முழுநேரமாக, பெரும்பாலும் ஒரு வருடம், அனுபவமுள்ள மருந்தாளுநரின் கண்காணிப்பில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் பயிற்சி இது. குழந்தைகள் மருத்துவமனை என்றால் பொது வார்டு, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சை, பெரிய குழந்தைகளின் ஐ.சி.யூ., புற்றுநோய்ப் பிரிவு, மருந்து தயாரிக்கும் அறை என்று சில வாரங்களுக்கு ஒருமுறை இடம் மாறுவீர்கள். ஒவ்வொரு இடத்திலும் உங்களுக்கென்று ஒரு வழிகாட்டி இருப்பார். அவரை ப்ரிசெப்டர் என்பார்கள்.

மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்கிறோம். ரெசிடென்சியில் அந்தச் சீட்டு எழுதப்படும்போதே பக்கத்தில் நிற்கிறோம்.

ஃபார்ம்.டி ஆறாம் வருஷத்தையும் ரெசிடென்சின்னுதானே சொல்றாங்க? பிறகு தனியா எதுக்கு?

ஃபார்ம்.டி படிப்பை இந்திய ஃபார்மசி கவுன்சில் 2008-இல் கொண்டுவந்தது. அதன் ஆறாம் வருடம் 12 மாத மருத்துவமனைப் பயிற்சி: பொது மருத்துவத்தில் 6 மாதம், வேறு மூன்று சிறப்புத் துறைகளில் தலா 2 மாதம். அந்த மூன்றில் குழந்தை மருத்துவத்தை எடுத்தாலும் கிடைப்பது 2 மாதம்தான். ஒரு பிள்ளையை நிமோனியாவோடு அட்மிட் செய்து டிஸ்சார்ஜ் வரை பின்தொடர அது போதும். பச்சிளங்குழந்தைப் பிரிவில் தனியாக ஒரு டோஸை உறுதியாகச் சொல்லும் தைரியம் 2 மாதத்தில் வராது.

பட்டத்துக்குப் பிந்தைய ரெசிடென்சிக்கு நம் நாட்டில் எல்லா மருத்துவமனைக்கும் பொதுவான ஒரே பாடத்திட்டம் கிடையாது. பெரிய மருத்துவமனைகள் தங்கள் சொந்த ஏற்பாட்டில், ஃபெலோஷிப், டிரெய்னி என்று வெவ்வேறு பெயரில் நடத்துகின்றன. அதனால் பெயரை வைத்து எடைபோடாதீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். எப்படி விசாரிப்பது என்பதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

எனக்க மகள் பி.ஃபார்ம் முடிச்சிருக்கா. நேரடியா சேர முடியுமா?

நோயாளிப் படுக்கையருகே வேலை செய்யும் பயிற்சிக்கு ஃபார்ம்.டி அல்லது ஃபார்மசி பிராக்டிஸில் எம்.ஃபார்ம் கேட்பதே வழக்கம். பி.ஃபார்ம் முடித்தவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, பி.ஃபார்முக்குப் பிந்தைய ஃபார்ம்.டி: 2 வருடப் படிப்பும் 1 வருட மருத்துவமனைப் பயிற்சியும் சேர்த்து 3 வருடம். இன்னொன்று, 2 வருட எம்.ஃபார்ம். இதற்கு ஜிபேட் (எம்.ஃபார்ம் சேர எழுதும் தேசியத் தேர்வு) எழுதித் தகுதி பெற்றால் உதவித்தொகைக்கு வழி உண்டு.

வார்டுதான் வேண்டும் என்று மகள் தெளிவாக இருந்தால் முதல் வழியைச் சொல்வோம். ஆராய்ச்சி, ஆசிரியர் பணி இரண்டிலும் மனம் இருந்தால் எம்.ஃபார்ம். எதுவானாலும் மாநில ஃபார்மசி கவுன்சில் பதிவை முதலிலேயே முடித்து வையுங்கள். கேரளத்தில் வேலை பார்க்க அந்த மாநிலப் பதிவு தனியாக வேண்டும்.

டி.ஃபார்ம் மட்டும் படிச்சவங்களுக்கு?

இந்தப் பயிற்சிக்கு அது போதாது. ஆனால் குழந்தைகள் மருத்துவமனையின் மருந்து வழங்கும் பிரிவில் வேலைக்குச் சேரலாம். கீழே சொல்லும் கணக்கும் கவனமும் அங்கேயும் தினமும் தேவைப்படும்.

பெரியவங்க டோஸுல பாதி, காலுன்னு கொடுத்தா போதாதா? இதுக்குப் போய் ஒரு வருஷமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், ஆபத்தானதும் இதுதான். பாடப்புத்தகத்தில் யங் சூத்திரம் படித்திருப்பீர்கள்: வயதை, வயதுடன் 12 கூட்டிய எண்ணால் வகுத்து, பெரியவர் டோஸால் பெருக்குவது. ஒரு வயதுக் குழந்தைக்குப் பாரசிட்டமால் அப்படிப் போட்டால் 500 மி.கி.யில் பதின்மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 38 மி.கி. வரும். அந்தக் குழந்தை 10 கிலோ என்றால் உண்மையில் தேவை கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 150 மி.கி. சூத்திரம் சொன்னது அதில் கால் பங்கு. காய்ச்சல் இறங்காது. தாய் அடுத்த மருந்தைத் தேடுவாள்.

மறுபக்கமும் பாருங்கள். பாரசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி., அதாவது 1 மி.லி.க்கு 25. எட்டு கிலோ குழந்தைக்கு 120 மி.கி. வேண்டும். சொட்டு மருந்து என்றால் 1.2 மி.லி., சிரப் என்றால் ஏறக்குறைய 5 மி.லி. கடையில் சிரப் இல்லையென்று சொட்டு மருந்தைக் கொடுத்துவிட, வீட்டில் வழக்கம்போல 5 மி.லி. ஊற்றினால் ஒரே வேளையில் 500 மி.கி. உள்ளே போகிறது. ஒரு நாள் முழுவதற்குமான வரம்பு கிலோவுக்கு 60 மி.கி., இந்தக் குழந்தைக்கு 480. ஒரு வேளையிலேயே நாள் வரம்பு தாண்டிவிட்டது. இரண்டு நாள் இப்படி நடந்தால் ஈரல் பாதிக்கும்.

பச்சிளங்குழந்தையின் உடலே வேறு மாதிரி. எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், அதனால் ஜென்டாமைசின் போன்ற தண்ணீரில் கரையும் மருந்துக்குக் கிலோ கணக்கில் கூடுதல் டோஸ் தேவை. சிறுநீரகம் இன்னும் முழுதாக வேலை செய்யத் தொடங்கவில்லை, அதனால் அடுத்த டோஸுக்கு நீண்ட இடைவெளி விட வேண்டும். ஈரலும் அப்படித்தான். குளோராம்பெனிக்காலைப் பெரியவர்கள் கணக்கில் கொடுத்துக் குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்ததிலிருந்து மருத்துவ உலகம் கற்ற பாடம் அது. டோஸும் இடைவெளியும் இப்படி எதிரெதிர்த் திசையில் போவதை எந்த 'பாதி, கால்' கணக்கும் பிடிக்காது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை 7 மணி போல வார்டுக்கு வந்து ஒவ்வொரு கேஸ் ஷீட்டையும் பார்க்க வேண்டும். இன்றைய எடை, நேற்றிரவு போட்ட புது மருந்துகள், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தச் சோதனை), கல்ச்சர் (எந்தக் கிருமி என்று பார்க்கும் சோதனை) ரிசல்ட், எத்தனை மி.லி. சிறுநீர் போனது. எடையில் ஒரு எச்சரிக்கை: தடுப்பூசி அட்டையில் இருக்கும் பழைய எடையை அப்படியே எடுத்து எழுதிவிடுவார்கள். குழந்தைக்கு இன்று எடை பார்த்தார்களா என்று கேளுங்கள்.

பிறகு டாக்டர்களுடன் ரவுண்ட்ஸ். மதியத்துக்குமேல் மருந்து தயாரிக்கும் அறை, ரத்தத்தில் மருந்து அளவு பார்க்கும் கணக்கு, டிஸ்சார்ஜ் ஆகும் குழந்தையின் வீட்டாருக்கு விளக்கம். வாரம் ஒருமுறையாவது ஒரு கேஸையோ ஆய்வுக் கட்டுரையையோ எல்லோர் முன்னும் எடுத்துப் பேச வேண்டும். வருட முடிவுக்குள் ஒரு சிறு ஆய்வும் முடிக்க வேண்டியிருக்கும். இடையில் நைட், ஞாயிறு ட்யூட்டியும் வரும்.

எனக்குக் கணக்கு அவ்வளவா வராது. சமாளிக்க முடியுமா?

முடியும். எட்டாம் வகுப்புக் கணக்குக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. தவறு நடப்பது தசமப் புள்ளியிலும் சிரிஞ்சிலும்.

ஒரு உதாரணம். எடை 1.2 கிலோ உள்ள குறைமாதக் குழந்தை, ஜென்டாமைசின் கிலோவுக்கு 5 மி.கி., ஆக 6 மி.கி. கையில் இருக்கும் ஊசி மருந்து 1 மி.லி.க்கு 40 மி.கி. வேண்டியது 0.15 மி.லி. அதை 1 மி.லி. சிரிஞ்சில் எடுத்து, அதே சிரிஞ்சில் சலைனையும் இழுத்தால், ஊசியின் அடிப்பகுதியில் தங்கியிருந்த மருந்தும் சேர்ந்து உள்ளே வந்துவிடும். பெரியவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இந்தக் குழந்தைக்கு அந்தத் துளி டோஸை மூன்றில் ஒரு பங்கு, பாதி என்றுகூட ஏற்றிவிடலாம். சரியான முறை: 1 மி.லி. மருந்தை எடுத்து, மொத்தம் 4 மி.லி. ஆகும்வரை சலைன் சேர்த்துக் கலக்குங்கள். இப்போது 1 மி.லி.க்கு 10 மி.கி. அதிலிருந்து புது சிரிஞ்சில் 0.6 மி.லி. எடுங்கள்.

எழுதும்போது '.5' என்று எழுதாதீர்கள், '0.5' என்று எழுதுங்கள். '5.0' எழுதாதீர்கள், வெறும் '5' போதும். புள்ளி அழிந்தால் முதலாவது 5 ஆகும், இரண்டாவது 50 ஆகும். பத்து மடங்குத் தவறுகளில் பல இப்படிப் பிறந்தவை. கணக்கை இன்னொருவர் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் விடையைக் காட்டி 'சரிதானே?' என்று கேட்டால் அவரும் தலையாட்டிவிடுவார்.

அப்போ எல்லா மருந்தும் கிலோ கணக்குதானே?

பெரும்பாலும் ஆம், ஆனால் விதிவிலக்குகளில்தான் ரெசிடென்ட் சோதிக்கப்படுகிறார். நம் மாவட்டத்தில் ரப்பர் தோட்டத்திலும் வாழைத் தோட்டத்திலும் பாம்புக்கடி சாதாரணம். பாம்பு குழந்தையைக் கடித்தாலும் பெரியவரைக் கடித்தாலும் விஷத்தின் அளவு ஒன்றுதான், எனவே விஷமுறிவு மருந்தும் அதே எண்ணிக்கைக் குப்பிகள்தான். குழந்தை என்று குறைத்தால் விஷம் மிஞ்சும். எடையைப் பார்த்து மாற்றுவது அதைக் கலந்து ஏற்றும் சலைனின் அளவை மட்டும்.

நாய்க்கடியிலும் இப்படித்தான். ரேபிஸ் தடுப்பூசி எல்லோருக்கும் ஒரே அளவு. கூடவே காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலின் மட்டும் எடைக்கு ஏற்றபடி: குதிரை சீரத்தில் தயாரானது கிலோவுக்கு 40 யூனிட், மனித சீரத்தில் தயாரானது 20 யூனிட்.

இன்னொன்று: குண்டான 12 வயதுப் பையன் 70 கிலோ இருந்தால் கிலோ கணக்கு பெரியவர் டோஸையே தாண்டிப் போகும். அப்போது பெரியவருக்கான உச்ச வரம்பில் நிறுத்த வேண்டும்.

மாத்திரையைப் பொடிச்சுத் தண்ணில கலக்கிக் கொடுக்கிறாங்களே, அது சரியா?

குழந்தைக்கான சிரப் வராத மருந்துகள் நிறைய உண்டு, அதனால் தவிர்க்க முடியாது. முறைதான் முக்கியம். ஐந்து கிலோ குழந்தைக்கு ஸ்பைரனோலாக்டோன் 5 மி.கி. வேண்டும், கையில் 25 மி.கி. மாத்திரை. பொடித்து 10 மி.லி. தண்ணீரில் கலக்கி 2 மி.லி. எடுத்தால் கணக்குப்படி சரி. ஆனால் இந்த மருந்து தண்ணீரில் கரையாது, அடியில் படியும். மேலே எடுத்தால் வெறும் தண்ணீர், அடியில் எடுத்தால் இரண்டு மடங்கு. மருந்தறையில் தூளைக் கல்வத்தில் நைசாக அரைத்து, மிதக்க வைக்கும் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பசையாக்கி, பிறகு அளவுக்குக் கொண்டுவந்து, 'நன்றாகக் குலுக்கவும்' என்ற சீட்டும் காலாவதித் தேதியும் ஒட்டுவார்கள். தூளை லாக்டோஸுடன் கலந்து வேளைக்கு ஒரு பொட்டலமாக மடிப்பதும் நல்ல முறை.

மெதுவாகக் கரையும்படி செய்த வால்ப்ரோயேட் மாத்திரை, குடலில் மட்டும் கரையும் பூச்சுள்ள பேன்டோப்ரசோல் போன்றவற்றைப் பொடிக்கவே கூடாது. வால்ப்ரோயேட்டுக்கு சிரப் இருக்கிறது, அதற்கு மாற்றுங்கள்.

டாக்டர் எழுதினதுல தப்பு இருந்தா நான் சொல்லலாமா? திட்ட மாட்டாங்களா?

சொல்லத்தான் உங்களை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். பொதுவாகக் குறை சொன்னால் கோபம் வரும். விவரமும் மாற்றும் சேர்த்துச் சொன்னால் கேட்பார்கள். "சார், இது மூணு நாள் குழந்தை. பிலிருபின் 14. கால்சியம் குளுக்கோனேட் டிரிப் ஓடுது. செஃப்ட்ரியாக்சோனுக்குப் பதிலா செஃபோடாக்சிம் போடலாமா?" இதில் காரணம் இரண்டு இருக்கிறது. செஃப்ட்ரியாக்சோன் கால்சியத்தோடு சேர்ந்து ரத்தத்திலேயே படிகமாகும், 28 நாளுக்குட்பட்ட குழந்தைக்கு இது உயிருக்கே ஆபத்து. மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிருபினையும் அது அல்புமின் என்ற ரத்தப் புரதத்திலிருந்து தள்ளிவிடும். மூன்று வரியில் சொல்லிவிட்டீர்கள், மாற்றும் கையில் கொடுத்துவிட்டீர்கள்.

அவசரம் இல்லாததை ரவுண்ட்ஸ் முடிந்தபின் தனியாகச் சொல்லுங்கள். ஊசி ஏறப்போகிறது என்றால் அப்போதே, எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.

தாய்மார்கிட்ட பேசறதுக்கும் பயிற்சி உண்டா?

உண்டு, அதில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் பலமும் உண்டு. வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியும். குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கிறார்களா, வசம்பு கொடுக்கிறார்களா, கிரைப் வாட்டர் உண்டா என்று குறை சொல்லும் தொனி இல்லாமல் கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். 'வேற மருந்து ஏதாவது?' என்று கேட்டால் 'ஒண்ணும் இல்ல' என்றே பதில் வரும், ஏனென்றால் அதையெல்லாம் அவர்கள் மருந்து என்றே நினைப்பதில்லை.

பாலாடையில் அளவுக் கோடு கிடையாது. டீஸ்பூன் வீட்டுக்கு வீடு வேறு. ஊசியில்லாத சிரிஞ்சைக் கையில் கொடுத்து, கோட்டைப் பேனாவால் குறித்து, தாயையே ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் 1 லிட்டருக்கானதும் 200 மி.லி.க்கானதும் உண்டு. லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு ஐந்து மடங்காகி, வயிற்றுப்போக்கில் வாடிய குழந்தைக்கு வலிப்பே வரலாம். எந்தப் பாத்திரத்தில் கலக்கப்போகிறார்கள் என்று கேட்காமல் அனுப்பாதீர்கள்.

நம்ம மாவட்டத்துலயே படிக்கலாமா, வெளிய போகணுமா?

ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, குலசேகரத்தில் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டிலும் குழந்தை மருத்துவப் பிரிவு உண்டு. வார்டு பழகவும் கேஸ் படிக்கவும் இவை நல்ல இடங்கள். குழந்தைகளுக்கான பெரிய மருத்துவமனை என்றால் பக்கத்தில் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. (தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை), தூரத்தில் குழந்தைகளுக்கென்றே உள்ள சென்னை எழும்பூர் குழந்தைகள் நல நிலையம். நம்மில் பலருக்கு மலையாளம் பேச வரும், ஆனால் திருவனந்தபுரத்தில் கேஸ் ஷீட்டுக்கு அப்பால் தாய்மாருக்கு எழுதிக் கொடுக்கவும் வேண்டும். எழுத்தையும் படித்துவிட்டுப் போங்கள்.

எந்த இடமானாலும் சேரும்முன் கேட்க வேண்டியவை: மருந்தாளுநர் ரவுண்ட்ஸில் நிற்கிறாரா, ஸ்டோர் கணக்குதான் பார்க்கிறாரா? ப்ரிசெப்டர் யார், ஒருவருக்கு எத்தனை ரெசிடென்ட்? பச்சிளங்குழந்தைப் பிரிவில் எத்தனை வாரம்? ரத்தக் குழாய் வழி ஊட்டக் கரைசலும் கீமோ மருந்தும் லாமினார் ஹூடில் (வடிகட்டிய சுத்தமான காற்று வீசும் மேடையில்) தயாராகின்றனவா? நமது ஆலோசனைகள் பதிவேட்டில் ஏறுகின்றனவா? ஸ்டைபண்ட் எவ்வளவு, எழுத்தில் தருவார்களா? முதல் கேள்விக்கே மழுப்பினால், கட்டடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சேர வேண்டாம்.

அமெரிக்காவுல குழந்தைகள் மருத்துவமனை ரெசிடென்சிக்கு நாம போக முடியுமா?

வழி உண்டு, நீளமானது. அங்கே முதல் வருடப் பொதுப் பயிற்சி பி.ஜி.ஒய்.1, அதை முடித்தபின் குழந்தை மருத்துவத்துக்கான சிறப்புப் பயிற்சி பி.ஜி.ஒய்.2, தலா 12 மாதம். வெளிநாட்டுப் பட்டதாரி முதலில் எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழ் பெற வேண்டும். 2003 முதல் பட்டம் பெற்றவர்களுக்கு அதற்குக் குறைந்தது ஐந்து வருடப் ஃபார்மசிப் படிப்பு தேவை. நான்கு வருட பி.ஃபார்ம் இங்கேயே நின்றுவிடும், ஃபார்ம்.டி தாண்டும். சான்றிதழுக்கு எஃப்.பி.ஜி.இ.இ. என்ற ஃபார்மசித் தேர்வும் டோஃபல் போன்ற ஆங்கிலத் தேர்வும் உண்டு. பிறகு மாநில உரிமத்துக்கான தேர்வுகள்.

விண்ணப்பம் குளிர்காலத்தில் முடியும், நேர்காணல் ஜனவரி, பிப்ரவரியில், மேட்ச் முடிவு (யாருக்கு எந்த மருத்துவமனை என்று) மார்ச்சில், பயிற்சி ஜூன், ஜூலையில் தொடங்கும். பெரிய தடை விசா. பல மருத்துவமனைகள் ரெசிடென்டுக்கு விசா ஸ்பான்சர் செய்வதில்லை. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு மருத்துவமனையிலும் இதைக் கேளுங்கள். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்ளும் விஷயமாக இது இருக்கக் கூடாது.

கல்ஃபுக்குப் போக இது உதவுமா?

உதவும். அங்கே உரிமத் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும் உண்டு. அனுபவக் கடிதத்தில் சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவிப் பெயர், எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்பதெல்லாம் லெட்டர்ஹெட்டில் இருக்கட்டும். கையெழுத்திட்டவர் வேறு ஊருக்குப் போவதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.

இருமல் சிரப் குடிச்சுக் குழந்தைங்க செத்துப்போச்சே, அதுல ரெசிடென்ட் என்ன செய்ய முடியும்?

2025-இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் நடந்த சாவுகளுக்குக் காரணம் சிரப்பில் இருந்த டை எத்திலீன் கிளைக்கால். சிறுநீரகத்தை நிறுத்திவிடும் நஞ்சு அது. அந்தச் சிரப் தயாரானது நம் தமிழ்நாட்டில் என்பதை மறக்கக் கூடாது. வார்டில் நின்று சிரப்பைச் சோதிக்க முடியாது. ஆனால் காய்ச்சல், இருமலுக்கு மருந்து குடித்த பல குழந்தைகளுக்குத் திடீரென்று சிறுநீர் நின்றால், எல்லோரும் குடித்தது ஒரே பேட்ச்சா என்று முதலில் கேட்க வேண்டியவர் மருந்தாளுநர். பாட்டிலைப் பத்திரப்படுத்துங்கள், பேட்ச் எண்ணை எழுதுங்கள், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் அன்றே தெரிவியுங்கள். திட்டத்தின் இலவச எண் 1800 180 3024.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சளி மருந்தே தேவையில்லாத சிறு குழந்தைக்கு அது எழுதப்பட்டால் மேலே சொன்ன முறையில் பேசுங்கள். குளோர்பெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023-லேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது.

பயிற்சியில நானே தப்பு பண்ணிட்டா?

மறைக்காதீர்கள். முன்பு சொன்ன அந்த 1.2 கிலோ குழந்தைக்கு 6 மி.கி.க்குப் பதில் 60 மி.கி. போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ட்யூட்டி டாக்டருக்கும் சிஸ்டருக்கும் நேரில் சொல்லுங்கள், எழுதி வைத்துவிட்டுப் போகாதீர்கள். அடுத்த டோஸை நிறுத்தச் சொல்லுங்கள். சிரிஞ்சையும் குப்பியையும் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். எவ்வளவு போனது என்று அவற்றை வைத்துத்தான் கணக்கிட முடியும். ரத்தத்தில் மருந்து அளவு, கிரியேட்டினின், சிறுநீர் அளவு பார்க்க வேண்டும், பின்னாளில் காது கேட்கும் சோதனையும் வேண்டும். பிறகு ப்ரிசெப்டருடன் உட்கார்ந்து, புள்ளி எங்கே நழுவியது, இரண்டாவது ஆள் சரிபார்த்தாரா, இரண்டு செறிவுள்ள ஆம்பியூல்கள் ஒரே தட்டில் இருந்தனவா என்று எழுதுங்கள்.

பெற்றோருக்கு மூத்த டாக்டர் சொல்லும்போது நீங்களும் கூட நில்லுங்கள். அந்தத் தட்டை அன்று மாலைக்குள் பிரித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.